சூடாமணி தலைமை வகித்த தொண்ணூற்றேழு நிமிடம்

என் தங்கை சூடாமணி ஜெயித்தவற்றை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன். தேதிகள் என் நோட்டில் இருக்கின்றன. ஞாபகத்தை நம்பி எழுதவில்லை.

1966 ஆகஸ்டு. மயிலாப்பூர் கார்ப்பரேஷன் பள்ளியில் நாலாம் வகுப்பு மனக்கணக்குப் போட்டி. இருபதுக்குப் பதினெட்டு, முதல் பரிசு. பக்கத்துப் பெண்ணைப் பார்த்து எழுதியிருப்பாள் என்று டீச்சர் சந்தேகப்பட்டு, தனி அறையில் உட்காரவைத்து வேறு இருபது கணக்கு கொடுத்தார். அதில் பத்தொன்பது.

1974 மார்ச். எஸ்.எஸ்.எல்.சி. தேர்ச்சி, அறுநூற்றுக்கு 388. அதற்கு முந்தின மாதம்தான் எங்கள் குடிசை வரிசை எரிந்தது. ஒரு புத்தகமும் மிஞ்சவில்லை.

1976. எக்ஸ்ரே டெக்னீஷியன் பயிற்சியில் இடம். இருபத்துமூன்று பேரில் ஒரே பெண். முதல் நாள் வரிசையில் நின்றவளை நர்ஸ் பயிற்சி வரிசைக்குப் போகச் சொல்லி மூன்று தடவை அனுப்பினார்கள். மூன்று தடவையும் திரும்பி வந்து அதே இடத்தில் நின்றாள்.

1979 ஜூன். அடையாறில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை. பிள்ளை பெற வேண்டியவளை எக்ஸ்ரே அறையில் விட முடியாது என்றார் மேனேஜர். இவள் பாதுகாப்பு விதிகளை எல்லாம் நாலு பக்கம் கையால் எழுதிக்கொண்டுபோய் அவர் மேஜையில் வைத்தாள். கதிரைத் தடுக்கும் ஈய அங்கியும், மார்பில் குத்திக்கொள்ளும் பிலிம் பேட்ஜும் தந்தால் தான் செய்கிறேன் என்றாள். அந்த பேட்ஜுக்குள் ஒரு சின்னப் பிலிம் இருக்கும். உடம்பில் எவ்வளவு கதிர் பட்டது என்பதை மாதாமாதம் அதைச் சோதனைக்கு அனுப்பித்தான் தெரிந்துகொள்வார்கள். வேலையும் கிடைத்தது, பேட்ஜும் கிடைத்தது.

அடுத்தது 1996. எக்ஸ்ரே டெக்னீஷியன்கள் சங்கத்தின் வருடாந்திர மாநாட்டில் ஒரு அமர்வுக்குத் தலைமை. இதிலே ஜெயிக்க என்ன இருக்கிறது, மேடையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து எழுந்ததுதானே என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் எட்டாவதோடு நின்றவன். பெயர் வெள்ளைத்துரை. மயிலாப்பூர் பஜார் ரோட்டில் மைக் செட் வைத்திருக்கிறேன். கல்யாணம், கச்சேரி, பொதுக்கூட்டம் எதுவானாலும் எந்த மண்டபம், எத்தனை மைக், எத்தனை கஜம் ஒயர், யார் எத்தனை மணிக்குப் பேசத் தொடங்கி எப்போது முடித்தார் என்று அங்கேயே நோட்டில் எழுதிவிடுவேன். வேறு ஒன்றுக்கும் இல்லை. ஆம்ப்ளிஃபையர் சூடாகும் நேரம் தெரிய வேண்டும் என்று தொடங்கிய பழக்கம்.

சங்கத்தின் மாநாட்டுக்கு 1985 முதல் நான்தான் மைக் செட். தி. நகரில் உஸ்மான் ரோட்டை ஒட்டிய ஒரு கல்யாண மண்டபத்தில் நடக்கும். டெக்னீஷியன்கள் சங்கமானாலும் முக்கிய அமர்வுக்குத் தலைமை வகிப்பவர் ஒரு டாக்டர்தான். டாக்டர் சந்திரமௌலி. நல்ல பேச்சாளர், பெரிய படிப்பு, ஊரில் நாலைந்து ஸ்கேன் சென்டர்களுக்கு ஆலோசகர். மண்டபத்தில் மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காரும் சிவப்பு வெல்வெட் நாற்காலி ஒன்று உண்டு. ஒவ்வொரு வருடமும் அதைத்தான் அவருக்குப் போடுவார்கள்.

தலைமை வகிப்பவருக்கு என்னென்ன வேலை என்று எனக்குத் தெரிந்ததே சூடாமணி அதைச் செய்ததால்தான். வந்த கட்டுரைகளைப் பிரிப்பாள். யாருக்கு எத்தனை நிமிடம் என்று பங்கு போடுவாள். பேசுகிறவர்களுக்குப் போன் செய்து, ஸ்லைடு எத்தனை என்று கேட்பாள். ஸ்லைடுகள் தலைகீழாகப் போய்விடாமல் புரொஜெக்டர் தட்டில் அடுக்குவாள். ஒவ்வொருவரையும் அறிமுகப்படுத்த நாலு வரி எழுதுவாள். மணி அடிப்பாள். கேள்விச் சீட்டுகளை வாங்கிப் பொறுக்குவாள். எந்தக் கட்டுரை வாசிக்கப்பட்டது, எவ்வளவு நேரம் என்று அமர்வு அறிக்கையை டைப் அடிப்பாள். டாக்டர் வெல்வெட் நாற்காலியில் சாய்ந்தபடி அந்த நாலு வரியைப் படிப்பார். முடிந்ததும் அறிக்கையில் கையெழுத்துப் போடுவார். பதினோரு வருடம் இப்படி நடந்தது. சங்க மலரில் 'உதவி' என்ற பட்டியலில் ஏழெட்டுப் பெயர்களோடு இவள் பெயரும் வரும்.

1995 டிசம்பரில் ஒரு நாள் சாயங்காலம் கடைக்கு வந்தாள். இந்த வருடம் தலைமை வகிக்கச் சொல்லி டாக்டரே தன் பெயரைச் சொன்னதாகச் சொன்னாள். கமிட்டியில் எல்லோரும் கை தட்டினார்களாம்.

"இன்னாத்துக்கு?" என்றேன்.

"என்னாத்துக்குன்னா? தங்கச்சிக்கு ஒரு மரியாதை கெடைச்சா சந்தோஷப்பட மாட்டியா ண்ணா?"

"படுவேன். மொதல்ல இன்னாத்துக்குன்னு தெரியட்டும்."

அவள் சிரித்தாள். போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னாள். தேனாம்பேட்டையில் புதிதாக வரும் ஒரு பெரிய ஸ்கேன் சென்டரில் தலைமை டெக்னீஷியன் வேலை காலியாக இருக்கிறது. இவள் மனு போட்டிருக்கிறாள். ஆளைத் தேர்ந்தெடுக்கும் மூன்று பேரில் டாக்டர் சந்திரமௌலியும் ஒருவர்.

அவள் பஸ் ஏறிய பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. மனிதர்கள் கொடுப்பதைத் தப்பாகப் பார்ப்பது என் குணம் என்று வீட்டில் சொல்வார்கள். இருக்கட்டும். பதினோரு வருடம் கண்ணில் படாதவள் பன்னிரண்டாவது வருடம் எப்படிப் பட்டாள்?

ஜனவரி முதல் வாரம் நிகழ்ச்சி நிரல் அச்சாகி வந்தது. எந்த மைக் எப்போது வேண்டும் என்று பார்ப்பதற்காக எனக்கும் ஒரு பிரதி வரும். ஞாயிற்றுக்கிழமை பதினொன்றரையிலிருந்து ஒரு மணி வரை சூடாமணியின் அமர்வு. ஆறு கட்டுரை. முதல் நான்குக்குப் பதினைந்து பதினைந்து நிமிடம். ஐந்தாவது டாக்டரின் சிறப்புரை, இருபது நிமிடம். ஆறாவது, திருவல்லிக்கேணியைச் சேர்ந்த ஜுவேரியா என்ற பெண்ணின் கட்டுரை, பத்து நிமிடம். கூட்டினால் சரியாகத் தொண்ணூறு. அறிமுகத்துக்கு ஒரு நிமிடம் இல்லை, கேள்விக்கு ஒரு நிமிடம் இல்லை. ஒரு மணிக்குச் சாப்பாடு.

பழைய நோட்டுகளை எடுத்தேன். 1985-இல் டாக்டரின் சிறப்புரைக்குக் கொடுத்தது இருபது, பேசியது முப்பத்துநாலு. அடுத்த வருடம் முப்பத்தொன்று. எந்த வருடமும் அவர் முப்பதுக்குக் குறையவில்லை. அவர் பேச்சுக்கு அடுத்து இருந்த கடைசிக் கட்டுரை பதினோரு வருடத்தில் ஏழு வருடம் வாசிக்கப்படவே இல்லை. என் நோட்டில் அந்த ஏழு இடத்திலும் 'மைக் தேவைப்படவில்லை' என்று நானே எழுதியிருந்தேன். ஈய அங்கி கிழிந்திருப்பதைப் பற்றி ஒன்று. விடுமுறையைப் பற்றி ஒன்று. கர்ப்பிணி டெக்னீஷியன்களைப் பற்றி ஒன்று. எல்லாம் வேலை செய்கிறவர்கள் தங்கள் குறையை எழுதியவை. பதினோரு வருடம் ஆம்ப்ளிஃபையர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் இது எனக்கு உறைக்கவில்லை.

ஜுவேரியாவின் கட்டுரை எதைப் பற்றி என்று சூடாமணியிடம் கேட்டேன். பிலிம் பேட்ஜைப் பற்றி என்றாள். அந்தப் பெண் பதினோரு இடங்களுக்கு நேரில் போய் அறுபத்துநாலு டெக்னீஷியன்களிடம் கேட்டிருக்கிறது. பேட்ஜ் வைத்திருந்தவர்கள் பத்தொன்பது பேர்தான். அதிலும் சில இடங்களில் பேட்ஜைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். பூட்டி வைத்தால் அதில் கதிரே படாது, கணக்கு சுத்தமாக வரும் அல்லவா? டாக்டர் ஆலோசகராக இருக்கும் இடங்களும் அந்தப் பதினொன்றில் அடக்கமா என்று கேட்டேன். சூடாமணி நிரலை மடித்து வைத்தாள்.

எனக்கு அப்போது ஒரு கணக்கு வந்தது. அறுபத்துநாலு பேர் பதில் சொன்ன கட்டுரை இந்த வருடம் வாசிக்கப்படாமல் போனால் சங்கத்தில் சத்தம் வரும். சத்தம் வந்தால் தலைமை வகித்தவர் பெயர்தான் அடிபடும். அந்தப் பெயர் இந்த வருடம் டாக்டரின் பெயராக இருக்காது.

சனிக்கிழமை மத்தியானம் மண்டபத்தில் ஒயர் இழுத்துக்கொண்டிருந்தேன். வாசலில் முந்தின கல்யாணத்துக்குக் கட்டிய வாழை மரம் இன்னும் வாடாமல் நின்றது. சங்கச் செயலாளர் ஸ்ரீநாத் வந்தார். டாக்டருக்கு வலது கை மாதிரி. என் தோளில் கை போட்டார். பதினோரு வருடத்தில் போட்டதில்லை.

"தலைவா, தலைவர் மைக்குக்கு ஒரு சுவிட்ச் என் பக்கத்துல வர்ற மாதிரி பண்ண முடியுமா?"

"இன்னாத்துக்கு சார்?"

"மேடம் புதுசு. பதட்டத்துல ஏதாவது பேசிட்டாங்கன்னா அவங்களுக்குத்தானே அசிங்கம்?"

சரி என்று தலையாட்டினேன். ஒரு சுவிட்ச் வைத்தும் கொடுத்தேன். பிளாஸ்டர் ஒட்டி 'தலைவர்' என்று எழுதிக்கூட வைத்தேன். அதில் எந்த ஒயரும் சேரவில்லை. சூடாமணியின் மைக்கை வேறு ஆம்ப்ளிஃபையரில் கொடுத்தேன். பேச்சாளர் மைக்கின் வால்யூம் குமிழை என் வலது கைக்கு எட்டும்படி வைத்துக்கொண்டேன். அவர்கள் இவள் வாயை அடைப்பதற்குள் நான் டாக்டர் வாயை அடைத்துவிடலாம் என்று ஏற்பாடு. கெட்டிக்காரத்தனமாக வேலை செய்துவிட்டதாக எனக்கு எண்ணம்.

ஞாயிறு காலை ஒன்பது நாற்பது. மேடை மேஜைக்கு அடியில் உட்கார்ந்து ஒயரைத் தரையோடு ஒட்டிக்கொண்டிருந்தேன். எழுந்திருக்கும்போது மேஜை மேல் இருந்த பைல் கை பட்டு விழுந்தது. எடுத்து அடுக்கினேன். மேலே இருந்தது அமர்வு அறிக்கை. சுத்தமாக டைப் அடித்திருந்தது. ஐந்து கட்டுரைக்கும் எதிரே 'வாசிக்கப்பட்டது'. ஆறாவதற்கு எதிரே, 'நேரமின்மையால் வாசித்ததாகக் கொள்ளப்பட்டது'. அடியில் கோடு போட்டு, அமர்வுத் தலைவர், ப. சூடாமணி.

பன்னிரண்டு ஐம்பதுக்கு வாசிக்க வேண்டிய கட்டுரைக்குக் காலை ஒன்பது நாற்பதுக்கே நேரம் இல்லாமல் போய்விட்டது.

பதினொரு மணிக்கு டீ கொடுத்தார்கள். சூடாமணியைத் தூணுக்குப் பின்னால் கூட்டிப்போய்ச் சொன்னேன். சுவிட்சைப் பற்றியும் சொன்னேன், குமிழைப் பற்றியும் சொன்னேன், அந்தத் தாளைப் பற்றியும் சொன்னேன். பதறுவாள் என்று நினைத்தேன்.

"அந்த வரி நான் அடிச்சதுதான் ண்ணா."

எனக்குப் புரியவில்லை.

"வருஷா வருஷம் முன்னாடியே அடிச்சு வெச்சுடுவேன். டாக்டர் நேரம் எடுப்பாருன்னு தெரியும். அப்புறம் உக்காந்து அடிக்க எங்க நேரம்? இந்த வருஷமும் வியாழக்கிழமை ஸ்ரீநாத் சார் விவரம் குடுத்தாரு. அடிச்சேன். கை பாட்டுக்கு அடிச்சுது. அடிச்சு முடிச்சப்புறம்தான் கீழ யார் பேர் இருக்குன்னு பார்த்தேன்."

"ஏழு வருஷமும் நீதானா?"

"ஏழும் நான்தான். போட்டது அவரு கையெழுத்து."

அப்போது என் சந்தேகம் அவள் மேலேயே திரும்பியது. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். தேனாம்பேட்டை வேலை ஞாபகம் வந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேசாமல் வீட்டுக்கு வந்தால் அந்த வேலை அவளுக்குத்தான். யாரும் அவளைக் குற்றம் சொல்ல முடியாது, நேரம் இல்லை, அவ்வளவுதான். முப்பத்தெட்டு வயது. ஒண்டியாக நின்று அம்மாவைப் பார்த்துக்கொண்டவள். அவள் போட்டால்தான் என்ன என்று எனக்கே ஒரு நொடி தோன்றியது.

"போடப் போறியா?" என்றேன்.

டீயைக் குடித்து முடித்தாள். "அந்தச் சுவர்க் கடிகாரம் சரியா ஓடுதா?" என்று கேட்டாள். என் கடிகாரத்தோடு ஒத்துப் பார்த்து, சரி என்றேன். மேடைக்குப் போனாள். வெல்வெட் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஒரு ஸ்டீல் மடக்கு நாற்காலி போடச் சொன்னாள். வெல்வெட்டில் புதைந்தால் சட்டென்று எழுந்திருக்க முடியாது என்றாள். நான்தான் கொண்டுபோய்ப் போட்டேன்.

பதினொன்றரைக்குத் தொடங்கினாள். முதல் நான்கு பேரும் பன்னிரண்டு இருபத்தெட்டுக்குள் முடித்தார்கள். எல்லோருக்கும் முந்தின வாரமே போன் செய்து, ஒரு நிமிடத்துக்கு ஒரு ஸ்லைடுக்கு மேல் வேண்டாம் என்று கெஞ்சியிருந்தாளாம். ஒவ்வொருவரையும் இரண்டே வரியில் அறிமுகம் செய்தாள். கேள்விச் சீட்டில் ஒன்றை மட்டும் எடுத்துக் கேட்டாள். குரலில் பதட்டம் இல்லை. ஸ்ரீநாத் முதல் வரிசையில் சுவிட்சைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பன்னிரண்டு முப்பதுக்கு டாக்டர் ஏறினார். புரொஜெக்டர் என் பக்கத்தில் இருந்ததால் அவர் தட்டை எண்ணிப் பார்த்திருந்தேன். நாற்பத்தாறு ஸ்லைடு. நன்றாகத்தான் பேசினார், அதை மறைக்கவில்லை. சபையைச் சிரிக்கவும் வைத்தார். பன்னிரண்டு நாற்பத்தெட்டுக்கு முதல் மணி. திரும்பிப் பார்த்துச் சிரித்தார். ஐம்பதுக்கு இரண்டாவது மணி. முப்பத்தோராவது ஸ்லைடு ஓடிக்கொண்டிருந்தது.

"சூடாமணி மணி அடிக்கறதுல கெட்டிக்காரி. எனக்கே பதினோரு வருஷம் அடிச்சிருக்கா. இன்னும் ரெண்டே ஸ்லைடு, பாத்துண்டு போயிடலாம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

இரண்டு போயிற்று. மூன்றாவது வந்தது. ஜுவேரியா மூன்றாவது வரிசையில் காகிதங்களை மடியில் வைத்து, மேலே இரண்டு கையையும் வைத்துக்கொண்டிருந்தது. அதன் முகத்தில் கோபம்கூட இல்லை. தெரிந்ததுதானே என்கிற மாதிரி இருந்தது. பின் கதவு வழியாகச் சாம்பார் வாசனை வந்தது. நாலைந்து பேர் எழுந்து போனார்கள்.

பன்னிரண்டு ஐம்பத்து நாலு. என் கை குமிழுக்குப் போனது. சூடாமணி என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டே தடவை தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. கையை எடுத்துவிட்டேன்.

அவள் எழுந்து நின்றாள். டாக்டர் பேச்சின் நடுவில் மூச்சு வாங்க நிறுத்தினார். அந்த இடைவெளியில் தன் மைக்கைப் பிடித்து, "அருமையான உரை. டாக்டருக்கு நம்ம நன்றி" என்று சொல்லிக் கை தட்டத் தொடங்கினாள். ஸ்ரீநாத் சுவிட்சை மேலும் கீழும் தட்டினார். ஒன்றும் ஆகவில்லை. முன்வரிசையில் இரண்டு பேர் தட்டினார்கள். பிறகு அந்த வரிசை. பிறகு மண்டபம் முழுவதும். இருநூற்றுச் சொச்சம் பேர். டாக்டர் கையைத் தூக்கினார், அதை வணக்கம் என்று எடுத்துக்கொண்டு இன்னும் பலமாகத் தட்டினார்கள். தட்டியவர்களில் பாதிப் பேருக்கு என்ன நடக்கிறதென்று தெரியாது. மீதிப் பேருக்கு நன்றாகத் தெரியும், அவர்கள்தான் நிறுத்தவே இல்லை. தனக்காகத் தட்டும் கையை யார் வேண்டாம் என்பது? டாக்டர் கும்பிட்டுவிட்டு இறங்கினார். முப்பத்தைந்தாவது ஸ்லைடு திரையிலேயே நின்றது.

என் குமிழும் என் திருட்டு ஒயரும் இதற்குத் தேவைப்பட்டிருக்குமா என்று யோசித்தேன். சுவிட்ச் வேலை செய்திருந்தால்கூட அவளால் கை தட்டியிருக்க முடியும்.

ஜுவேரியாவை ஒரே வரியில் அறிமுகம் செய்தாள். "இவங்க அறுபத்துநாலு பேர்கிட்ட கேட்டுட்டு வந்து பேசறாங்க. சாப்பாடு பத்து நிமிஷம் காத்திருக்கும்" என்றாள். எழுந்தவர்களில் சிலர் உட்கார்ந்தார்கள். அந்தப் பெண் முதல் இரண்டு வரியைக் குரல் நடுங்க வாசித்தது. பிறகு நடுக்கம் போய்விட்டது. எண்களை மட்டும்தான் சொன்னது. எந்த இடத்தின் பெயரையும் சொல்லவில்லை. பூட்டிய பீரோவைப் பற்றிச் சொன்னபோது எனக்குத் தெரிந்த நாலைந்து பேர் தங்கள் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள், பேட்ஜ் இருக்கிற இடம் அது. ஒன்று ஐந்துக்கு முடித்தது. ஒரு கேள்வி. ஒன்று ஏழுக்கு சூடாமணி அமர்வை முடித்துவைத்தாள். மொத்தம் தொண்ணூற்றேழு நிமிடம்.

எல்லோரும் பந்திக்குப் போன பிறகு டாக்டர் மேடைக்கு வந்தார். நான் ஒயர் சுற்றிக்கொண்டிருந்தேன். அவர் முகத்தில் கோபம் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"நன்னாப் பண்ணினே சூடாமணி. அந்த ஷீட்ட இப்படிக் குடுத்துட்டு நீ போய்ச் சாப்பிடு. நான் ஸ்ரீநாத்தை விட்டுத் திருத்திக்கறேன்."

"தலைமை நான்தானே சார். நானே திருத்திடறேன்."

"தேனாம்பேட்டை விஷயமா அடுத்த வாரம் பேசணும்னு இருந்தேன்."

"பேசலாம் சார்" என்றாள்.

அவர் படியிறங்கிப் போனார். அவர் முன்பே எல்லாவற்றையும் திட்டம் போட்டுத்தான் இவளை உட்காரவைத்தாரா, அல்லது மெய்யாகவே ஒரு மரியாதை செய்ய நினைத்தாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. முதலாவதுதான் என்று நான் நினைக்கிறேன். அப்படி நினைக்காதே என்கிறாள் சூடாமணி. தேனாம்பேட்டை வேலை ஏப்ரலில் வேறு ஒருவருக்குப் போனது. அதற்கடுத்த வருடம் அமர்வுக்குத் தலைமை வகித்தவரும் டாக்டர் இல்லை, ஒரு டெக்னீஷியன்தான். இரண்டையும் எழுதிவிட்டேன், படிக்கிறவர்கள் கூட்டிக் கழித்துக்கொள்ளட்டும்.

அன்று அவர் போன பிறகு சூடாமணி ஸ்டீல் நாற்காலியில் உட்கார்ந்தாள். அறிக்கையை எடுத்தாள். ஆறாவது வரியில் தான் டைப் அடித்ததை ஸ்கேல் வைத்து ஒரே கோடாக அடித்தாள். அடித்த எழுத்து அடியில் தெரிய வேண்டும், அழிக்கக் கூடாது என்றாள். பக்கத்தில் கையால் எழுதினாள்: வாசிக்கப்பட்டது, 12.55 முதல் 1.05 வரை. பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நேரம் சரிதானே ண்ணா?"

நோட்டைத் திறந்து ஒத்துப் பார்த்தேன். சரியாக இருந்தது. அவள் குனிந்து, தன் பெயர் அடித்திருந்த கோட்டின் மேல், முழுப் பெயராகக் கையெழுத்துப் போட்டாள். மை காயும்வரை தாளைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பதினோரு வருடம் அடுத்தவர் கையெழுத்துக்காக அவள் செய்த வேலை அது. அதன் அடியில் சூடாமணி தன் பெயரை முதல்முதலாகக் கையெழுத்திட்ட நாள், என் நோட்டில் உள்ளபடி: 1996 ஜனவரி 21, ஞாயிற்றுக்கிழமை.